டர்பனில் பழைய சாக்ஸபோன்: எந்த வழி யாருக்குச் சரிப்படும்?

பழைய சாக்ஸபோன் ஒன்று வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு டர்பனில் நான்கு வழிகள் இருக்கின்றன. யாரோ வீட்டு அலமாரியிலோ அடகுக் கடையிலோ கிடப்பதைக் கிடைத்த நிலையிலேயே வாங்கிப் பழுது பார்க்கலாம். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஏற்கெனவே சரிசெய்து வைத்திருப்பதை வரவழைக்கலாம். காசு சேர்த்து, பிரெஞ்சு நிறுவனமான செல்மரின் புகழ்பெற்ற மார்க் சிக்ஸ் ஒன்றையே வாங்கிவிடலாம். இல்லை, அவ்வளவு பழசே வேண்டாம் என்று 1980களின் யமாஹா ஒன்றோடு நிம்மதியாக இருக்கலாம். வீட்டிலேயே தாத்தா வாசித்த கருவி இருந்தால் அது வேறு கதை, கடைசியில் வருகிறேன்.

வாங்கும் விலையை மட்டும் பார்த்தால் முதல் வழிதான் எப்போதும் மலிவு. பட்டறைச் செலவையும் கூட்டினால் பெரும்பாலும் அதுவே அதிகச் செலவு. ஆனால் 1930 முதல் 1950கள் வரை அமெரிக்காவில் செய்த பியூஷர், கிங் மாதிரிக் கருவி ஒன்று, உடல் நேராகவும் முன்பு யாரும் அதிகம் கைவைக்காமலும் கிடைத்தால், அந்தச் செலவு முழுக்கத் தகும். இதுதான் என் முடிவு. ஏன் இந்தப் பெயர்கள், ஏன் 'கைவைக்காமல்' என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

இந்தக் கருவிகள் இங்கே எப்படி வந்தன என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பதும் தெரிந்துவிடும். 1950களில் க்ரே ஸ்ட்ரீட் வட்டாரம் இசையால் நிறைந்திருந்தது. விக்டோரியா ஸ்ட்ரீட்டில், இன்றைய பெர்த்தா ம்கீஸே ஸ்ட்ரீட்டில், பம்பி நாயுடுவின் குட்வில் லவுஞ்சில் ஜாஸ் கேட்கக் கூட்டம் கூடியது. நம் கல்யாணங்களில் சினிமாப் பாட்டு வாசித்த ஆர்க்கெஸ்ட்ராக்களில் வயலின், கிளாரினெட்டோடு சாக்ஸபோனும் உட்கார்ந்திருந்தது. ஜோஹன்னஸ்பர்க்கில் கிப்பி மூகெட்சி ஆல்டோ என்ற சின்ன வகை சாக்ஸபோன் வாசித்தார். பென்னி விசில் என்ற சின்னத் தகரக் குழலில் பேர் வாங்கிய ஸ்போக்ஸ் மஷியானே 1950களின் கடைசியில் சாக்ஸபோனுக்கு மாறினார், அவரைப் பார்த்து இன்னும் பலர் மாறினார்கள். கேப் டவுனில் வின்ஸ்டன் மங்குங்குவும் பேசில் கூட்ஸியேவும் அதைவிடப் பெரிய, தாழ்ந்த சத்தமுள்ள டெனர் வாசித்தார்கள். இவ்வளவு பேர் வாசிக்க வேண்டுமானால் அவ்வளவு கருவிகள் கப்பலில் வந்திருக்க வேண்டும். அப்புறம் 1950இன் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் பீனிக்ஸுக்கும் பெயர்த்தபோது பெட்டியில் இருந்த கருவிகளும் கூடவே போயின. அதனால் கடையில் தேடுவதற்கு முன் பழைய பேண்டுக்காரர்களின் குடும்பங்களில் விசாரிப்பது நல்லது. தேவாலய பேண்டுகள், பழைய பள்ளிக்கூட ஸ்டோர் ரூம்கள் ஆகியவற்றையும் விட்டுவிடாதீர்கள்.

அடகுக் கடையிலும் கிடைக்கும். அங்கே ஒரு வசதி உண்டு: 2009இன் பழைய பொருள் சட்டப்படி வியாபாரி பதிவு செய்திருக்க வேண்டும், விற்றவர் யார் என்று குறித்து வைத்திருக்க வேண்டும். தனியாளிடம் வாங்கினால் கருவியின் வரிசை எண்ணைப் போட்டு, கையெழுத்தோடு ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிகளில் திருட்டுப் போகும் கருவிகள் சுற்றுகிற ஊர் இது.

சரி, கருவி கைக்கு வந்துவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது? பளபளப்பை நிச்சயமாகப் பார்க்காதீர்கள். கழுத்துக் குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். பல வருடம் மவுத்பீஸை அழுத்தி அழுத்தி மாட்டியதில் வளைவு கீழே இறங்கியிருக்கலாம். இறங்கியிருந்தால் வளைவின் அடிப்பக்கம் சின்னச் சின்னச் சுருக்கம் தெரியும், குழாய் உருண்டையாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கும். அடுத்து உடலை ஒரு முனையிலிருந்து கண்ணருகே வைத்து நீளவாக்கில் பாருங்கள். கருவி கீழே விழுந்து பெல் என்கிற விரிந்த வாய் இடிபட்டால் உடல் குழாயும் கொஞ்சம் வளையும். வளைந்தால், துளைகளைத் திறந்து மூடும் சாவிகளைத் தாங்குகிற நீளமான கம்பிகள் எல்லாம் இறுகும், துளைகளின் விளிம்பும் சமம் தப்பும். சின்ன ஒடுக்கு ஒன்றிரண்டு பெரிய விஷயமில்லை, ஒடுக்கு எடுத்துவிடலாம். வளைந்த உடலை நிமிர்த்துவதற்குத் தேர்ந்த கை வேண்டும்.

பிறகு சாவிகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கம்பியும் அதன் மேல் சுழலும் சாவிக் குழலும் தேய்ந்திருந்தால் சாவி லொடலொடக்கும். அப்படி இருக்கையில், துளையை அடைக்கும் தோல் மெத்தையான பேடைப் புதிதாகப் போட்டாலும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் உட்காரும், காற்று கசியும். சாவிக் குழலை இறுக்கித் தேய்மானத்தை எடுப்பதுதான் ஓவர்ஹாலில் நேரம் தின்கிற வேலை. பேட் மாற்றுவது அதற்கு அப்புறம்தான். ஒருவர் 'பேட் மட்டும் மாற்றினால் போதும்' என்று சொல்லி விற்றால், அவர் சாவிகளை ஆட்டிப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் தேடுகிறவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய பொறி ஒன்று உண்டு, சுருதி. இன்றைய சுருதி A=440, அதாவது A ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு. பழைய பிரிட்டிஷ் இராணுவ பேண்டுகளும் பித்தளை பேண்டுகளும் அதைவிட உயர்ந்த, கிட்டத்தட்ட 452 சுருதியில் வாசித்தன. பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகள் 1960கள் வரைகூட அந்தச் சுருதியை விடவில்லை. அமெரிக்காவிலும் 1920கள் வரை 457 சுருதிக்குக் கருவிகள் செய்தார்கள். அமெரிக்கக் கருவிகளில் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் 'லோ பிட்ச்' என்றோ ஆங்கில எல் எழுத்தோ பொறித்திருந்தால் பயமில்லை. ஹெச் என்றிருந்தால் பெட்டியை மூடிவிட்டு வந்துவிடுங்கள். மவுத்பீஸை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும்தானே என்று தோன்றும். ஒரு ஸ்வரத்துக்கு இறங்கும். துளைகளின் இடைவெளி உயர்ந்த சுருதிக்கே கணக்கிட்டது என்பதால் மற்ற ஸ்வரங்கள் ஆளுக்கொரு பக்கம் போகும். ஆர்மோனியத்தோடோ தம்புராவோடோ உட்கார்ந்தால் நரகம். பிரிட்டிஷ் சாமான் நிறைய வந்திறங்கிய துறைமுகம் இது. முத்திரை இல்லாத பழைய கருவி என்றால் டியூனர் வைத்து இரண்டு ஸ்தாயியும் வாசித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னொரு பொறி சி மெலடி என்ற சாக்ஸபோன் வகை. அளவில் ஆல்டோவுக்கும் டெனருக்கும் நடுவில் இருக்கும். முதல் உலகப் போர்க்காலத்திலிருந்து 1930 வாக்கு வரை அமெரிக்காவில் ஏராளமாகச் செய்தார்கள், அதனால் மலிவாகவே கிடைக்கும். நம்மவர்களுக்கு அதன் மேல் ஒரு மயக்கம் உண்டு, காரணமும் புரிகிறது: பியானோவோடு அப்படியே பொருந்தும், நம் கணக்கில் ஒரு கட்டை. ஆல்டோவின் ஸா இரண்டரைக் கட்டையில் விழும், டெனர் ஆறரைக் கட்டை. பஜனைக்கு சி மெலடிதான் வசதி என்று வாங்கியவர்கள் பிறகு மவுத்பீஸ் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். பாட்டுக்குத் தகுந்த கட்டையில் விரலை மாற்றிக்கொள்வது பழகினால் வந்துவிடும். சி மெலடிக்கு ஒத்த மவுத்பீஸ் எந்தப் பழக்கத்தாலும் வராது. கத்ரி கோபால்நாத் கர்நாடக இசைக்கு எடுத்துக்கொண்டது ஆல்டோ. நாயனக்காரர்களோடு சேர்ந்து வாசிப்பதற்கும் இரண்டரைக் கட்டை தோதானது.

இப்போது பெயர்களுக்கு வருவோம். இங்கேதான் டர்பனின் கடல் காற்று நடுவராக உட்காருகிறது. அமெரிக்க மன்றங்களில் படித்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. உப்பும் ஈரமும் சேர்ந்த காற்று, லேக்கர் என்கிற மேல்பூச்சு பெயர்ந்த பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும், இரும்பு ஸ்பிரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், தோல் பேடை விளிம்பில் ஒட்ட வைக்கும். மியர்பேங்க்கிலும் பிளஃபிலும் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், அவர்கள் வீட்டு ஜன்னல் கம்பியே சொல்லும்.

எல்லோரும் முதலில் கேட்பது கான். இந்தியானாவின் எல்கார்ட் ஊரில் செய்தது. 1930களின் நடுவில் வந்த 6எம் ஆல்டோவும் 10எம் டெனரும் பெல்லில் பொறித்த பெண் உருவத்தால் பிரபலம். சத்தம் அகலமாக இருக்கும், அறையை நிரப்பும். 1947 வாக்கு வரை வந்த கான்களில் துளை விளிம்பை வெளிப்பக்கம் சுருட்டி உருண்டையாக்கியிருப்பார்கள். பேட் மெத்தென்று உட்காரும். ஆனால் விளிம்பு மேடு பள்ளமானால் அரத்தால் ராவிச் சமப்படுத்த முடியாது, ராவினால் சுருள் அறுந்துபோகும். அடியிலிருந்து மெல்ல உயர்த்தித்தான் சரிசெய்ய வேண்டும், அது எல்லாக் கைக்கும் வராது. விவரம் தெரியாத யாரோ முன்பே ராவியிருந்தால் அந்தக் கருவி பாதி போன மாதிரிதான். பழைய கான் ஆல்டோக்களின் கழுத்தில் சுருதி நகர்த்தும் திருகு ஒன்று இருக்கும். அழகான யோசனை. பல வருடம் வாசிக்காமல் கிடந்தால் அது இறுகிப்போகும், உள்ளே காற்றும் கசியும். வாங்கும் முன் அது சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சுற்றவில்லை என்றால் பலவந்தம் வேண்டாம்.

மார்ட்டினும் எல்கார்ட்தான். சத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அது. ஆனாலும் டர்பனில் இருப்பவருக்கு மார்ட்டினைச் சொல்லத் தயங்குவேன். மற்றவர்கள் துளை விளிம்பை உடலிலிருந்தே இழுத்து எடுப்பார்கள். மார்ட்டின் தனி வளையமாகச் செய்து ஈயப்பற்று வைத்து ஒட்டியது. எண்பது வருடத்தில் அந்தப் பற்று அரித்துப் போகலாம். பேட் எல்லாம் புதிதாக இருக்கும், விளக்கு விட்டுப் பார்த்தால் ஒளி எங்கும் கசியாது, ஆனாலும் கீழ் ஸ்வரங்கள் அடைக்கும். வளையத்தின் அடியில் நூல் அளவு காற்று போய்க்கொண்டிருக்கும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் பட்டறைக்காரருக்கும் பொறுமை போய்விடும். உள்நாட்டில், ஜோஹன்னஸ்பர்க்கின் காய்ந்த காற்றில் வாழ்ந்த மார்ட்டின் கிடைத்தால் யோசிக்கலாம்.

பியூஷர் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் பெயரே அல்ல, ஏனென்றால் பெயர் அவ்வளவாக எடுபடவில்லை, விலை அதனால்தான் ஏறவில்லை. ட்ரூ டோன், பிறகு 1930களில் அரிஸ்டோக்ராட், 1941இல் 400. சுருதி சுத்தம் அதன் பெரிய பலம். ஸா பிடித்து நின்றால் தம்புராவோடு ஒட்டும். அரிஸ்டோக்ராட் காலத்துக் கருவிகளில் தங்க முலாம் பூசிய, திருகி மாட்டுகிற ஸ்பிரிங்குகள் இருக்கும். நம் ஊர்க் காற்றுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒன்று உடைந்தால் மட்டும் மாற்று தேடுவது சிரமம். அதன் பேட்களும் தனி வகை: கிண்ணத்தின் நடுவில் ஒரு சின்னக் குமிழ், அதன் மேல் உலோகத் தகடு 'டக்' என்று பொத்தான் போல மாட்டி பேடைப் பிடித்துக்கொள்ளும், பசை குறைவு. இந்த ஏற்பாட்டோடு மல்லுக்கட்ட மனமில்லாத பட்டறைக்காரர்கள் குமிழை அறுத்துத் தள்ளிவிட்டுச் சாதாரண பேடை ஒட்டிவிடுவார்கள். வாங்கும்போது ஒரு பேடின் நடுத்தகடு பழைய மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். குமிழ் இருந்தால் அதற்கான தகடுகளை இன்றும் செய்து விற்கிறார்கள். குமிழ் போயிருந்தாலும் கருவி வாசிக்கும், விலையில் மட்டும் அதைக் காட்டிப் பேரம் பேசுங்கள். 1963இல் அமெரிக்க செல்மர் நிறுவனம் பியூஷரை வாங்கியது. அதற்குப் பிறகு பியூஷர் உடலில் பண்டி என்ற பெயரோடு மாணவர் கருவிகள் வந்தன. இங்கே பள்ளிகளில் அடிபட்டுக் கிடக்கும் பண்டிகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கற்றுக்கொள்ளத் தொடங்கும் பிள்ளைக்கு அது தாராளம்.

கிங், கிளீவ்லாந்தில் செய்தது. 1945இல் வந்த சூப்பர் 20 ஜாஸ் மேதை சார்லி பார்க்கர் வாசித்த கருவி என்பதால் விலை எட்டாது. அதே பட்டறையின் ஸெஃபிர் அவ்வளவு பேர் வாங்கவில்லை. கட்டுமஸ்தான கருவி, வாசிக்கத் திறந்த சத்தம். கிடைத்தால் விடாதீர்கள்.

போகிற போக்கில் கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் ஆல்டோ. 1950 முதல் லண்டனில் செய்தது, வெண்ணெய் நிற உடல், பித்தளைச் சாவி. 1953இல் டொரண்டோ கச்சேரியில் பார்க்கர் வாசித்தது இதைத்தான். விரிசல் விட்டால் சரிசெய்வது சிரமம், உதிரி பாகம் கிடைப்பதும் அரிது. காட்சிக்கு வைக்க ஆசைப்படுகிறவர்கள் வாங்கட்டும்.

செல்மர் மார்க் சிக்ஸ் பற்றி எல்லோருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக. 1954 முதல் 1970களின் நடுப்பகுதி வரை பிரான்ஸில் செய்தது. விரல் படும் இடத்தில் சாவி இருக்கும். 1930களில் செல்மர் கொண்டுவந்த சாவி அமைப்பைத்தான் இன்றைய கருவிகள் பெரும்பாலும் பின்பற்றுகின்றன, ஆகவே புதுக் கருவியில் பழகியவருக்கு எதையும் மறுபடி கற்க வேண்டியதில்லை. கானிலும் பியூஷரிலும் இடது சுண்டுவிரல் சாவிகள் கடினமாக இருக்கும். கமகம் வேகமாகப் போடுகிறவருக்கு அது கையைக் கட்டும். எந்தப் பட்டறைக்காரரும் மார்க் சிக்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார் என்பது இன்னொரு லாபம். ஆனால் வரிசை எண் ஐந்து இலக்கமாக இருந்தால்தான் நல்லது என்ற மோகத்துக்கு விலை கொடுக்காதீர்கள். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி வாசிக்கும். ஐந்து இலக்கத்தில் மந்தமானதும் உண்டு, ஆறு இலக்கத்தில் அற்புதமானதும் உண்டு. வாசித்துச் சம்பாதிக்கிறவர் வாங்கட்டும். வார இறுதியில் வாசிக்கிறவர் அந்தக் காசில் ஒரு பழைய கார் வாங்கலாம்.

வெளிநாட்டிலிருந்து சரிசெய்த கருவியை வரவழைப்பது பலர் நினைப்பதைவிட நல்ல வழி. காரணம் எளிது. அமெரிக்காவில் நல்ல பட்டறையில் முழு ஓவர்ஹால் ஆயிரம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆனால் ஓவர்ஹால் செய்த கானையோ பியூஷரையோ விற்கும்போது அந்தச் செலவு முழுவதையும் விலையில் ஏற்ற முடிவதில்லை. முந்தைய சொந்தக்காரர் செலவழித்ததில் ஒரு பகுதி நமக்கு இலவசம். இங்கே வந்து சேரும்போது வரி உண்டு. தென்னாப்பிரிக்காவில் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காடு. இறக்குமதியில் அதைப் பொருளின் விலையோடு 10 விழுக்காடு கூட்டித்தான் கணக்கிடுவார்கள். சுங்கத் தீர்வை எதுவும் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் 20,000 ராண்ட் கருவிக்கு 22,000 மேல் 15 விழுக்காடு, அதாவது 3,300 ராண்ட். கூரியர்காரர் தன் கட்டணத்தை அதன் மேல் போடுவார். விலையைக் குறைத்து எழுதச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள். சட்டத்துக்குப் புறம்பு என்பதோடு, வழியில் உடைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் வரும்.

உடைவதுதான் இந்த வழியின் உண்மையான ஆபத்து. பழைய பெட்டியில் வைத்து அப்படியே அனுப்பினால் கருவி உள்ளே ஆடி, பெல் இடித்து, உடல் வளைந்து வரும். சாவிகளுக்கு அடியில் கார்க் ஆப்பு வைத்து அசையாமல் கட்ட வேண்டும். பெல்லுக்குள் துணியோ நுரையோ அடைக்க வேண்டும். கழுத்தைத் தனியாகச் சுற்ற வேண்டும். பெட்டியை இன்னொரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் மெத்தையிட்டு வைக்க வேண்டும். இதைச் செய்து படம் அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். நன்றாகக் கட்டி வந்தாலும் கொஞ்சம் சரிப்படுத்த வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

யமாஹா 1967இல்தான் சாக்ஸபோன் செய்யத் தொடங்கியது. அதன் 23 மாணவர் ஆல்டோவும் 62 ஆல்டோவும் பழைய நிலையில் அடிக்கடி கைமாறுகின்றன. சுருதி சரி, சாவி இலகு, உதிரி பாகம் கிடைக்கும். பழமையின் சுகம் கிடையாது. கோயில் விழாவில் வெயிலிலும் வியர்வையிலும் நின்று வாசிக்கப்போகிறீர்கள் என்றால், 62தான் எடுக்க வேண்டியது. எழுபது வருடக் கருவியைக் காவடி ஊர்வலத்துக்கு இழுத்துக்கொண்டு போவது பாவம்.

இனி யாரிடம் சரிசெய்வது என்ற கேள்வி. பணத்தைவிட இதுதான் முடிவைத் தீர்மானிக்கும். நம் ஊரில் கைவிட்டு எண்ணக்கூடியவர்கள்தான் இந்த வேலை செய்கிறார்கள். அவர்களில் பலர் பள்ளிக் கருவிகளோடு வாழ்கிறவர்கள். ஒரு ஒட்டிய பேடை மாற்ற, உடைந்த ஸ்பிரிங் போட அவர்கள் போதும். முழு ஓவர்ஹாலுக்கு ஜோஹன்னஸ்பர்க்குக்கோ கேப் டவுனுக்கோ அனுப்ப வேண்டி வரலாம். ஜோஹன்னஸ்பர்க் சாலை வழியாக ஏறக்குறைய 570 கிலோமீட்டர், 1,700 மீட்டருக்கு மேலே, காய்ந்த ஊர். அங்கே உட்கார வைத்த பேட் இங்கே வந்து ஈரம் குடித்துக் கொஞ்சம் மாறும், அதனால் கருவியைக் கொண்டுவந்த சில வாரம் கழித்து உள்ளூரிலேயே ஒரு சின்னச் சரிபார்ப்பு தேவைப்படும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பிறகு பட்டறைக்காரரைத் திட்டுகிறார்கள். எங்கே கொடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: சாவித் தேய்மானத்தை எடுப்பீர்களா, துளை விளிம்பைச் சமப்படுத்துவீர்களா, கானில் சுருட்டிய விளிம்பை எப்படிச் செய்வீர்கள். மூன்றாவதற்கு 'ராவிடுவேன்' என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

நானே செய்கிறேன் என்பவர்களுக்கு: பாதி வேலையைத் தாராளமாகச் செய்யலாம். எல்லாச் சாவியையும் கழற்றும்போது ஒவ்வொரு படியிலும் படம் எடுத்து, திருகுகளைக் கழற்றிய வரிசையில் அட்டையில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள். இறுகிய திருகுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் விடுங்கள், அவசரப்பட்டால் தலை அழியும். பேட் இல்லாத வெறும் உடலை வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவலாம். கழுத்துக் கார்க் மாற்றுவது சுலபம். துருப்பிடித்த ஸ்பிரிங்குகளுக்குப் பதில் துருவேறா எஃகு போடலாம், நீல எஃகின் துள்ளல் இருக்காது, ஆனால் மேடையில் அறுந்து போகாது. ஆல்டோவுக்கு 25க்கு அருகில் பேட்கள் வேண்டும். அவை அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் வருகின்றன, ஆகவே ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனியாக அளந்து வாங்குங்கள். 'கான் செட்' என்று மொத்தமாக விற்பதை நம்ப வேண்டாம்.

கசிவு பார்க்கத் தனி விளக்கு விற்கிறார்கள். தீபாவளிக்கு மாட்டுகிற மெல்லிய எல்இடி சரமே போதும்: இருட்டறையில் உடலுக்குள் இறக்கி, சாவியை மெதுவாக மூடினால், மூடிய பேடின் ஓரத்தில் ஒளி எங்கே தெரிகிறதோ அங்கே கசிவு. சிகரெட் தாளை மெல்லிய துண்டாக நறுக்கி, பேடுக்கு அடியில் வைத்து மூடி, இழுத்துப் பார்ப்பது அதைவிட நுணுக்கம். சுற்றிலும் ஒரே இறுக்கமாக இழுக்க வேண்டும். பலமாக அழுத்தி மூடிப் பார்ப்பது ஏமாற்று. அழுத்தினால் எந்த பேடும் மூடும். ஈயப்பற்று, விளிம்பு சமப்படுத்துவது, ஒடுக்கு எடுப்பது, சாவி வளைப்பது, இவை மட்டும் பட்டறைக்கு.

எல்லா வழிக்கும் பொதுவான ஒரு வேண்டுகோள்: பாலிஷ் பண்ணி லேக்கர் அடிக்கச் சொல்லாதீர்கள். பஃபிங் சக்கரம் அழுக்கோடு சேர்த்துப் பித்தளையையும் தேய்க்கும், பொறித்த வேலைப்பாடு மங்கும், துளை விளிம்புகூட மெலியும், விலையும் இறங்கும். 1920களின் கருவிகளில் பல வெள்ளி முலாம் பூசியவை, நம் ஊரில் கருகருவென்று ஆகிவிடும். பார்த்தவுடன் முகம் சுளிக்க வேண்டாம். கருத்தாலும் வெள்ளி அடியில் இருக்கும் பித்தளையைக் காப்பாற்றியிருக்கும். பளபளக்கும் மறுலேக்கர் கருவியும் கரி பூசியது போன்ற வெள்ளிக் கருவியும் ஒரே விலைக்கு இருந்தால், கறுப்பை எடுங்கள்.

மவுத்பீஸை மறந்து தீர்ப்பு எழுதாதீர்கள். 1920, 30களின் கான், பியூஷர் எல்லாம் உள்ளறை பெரிதாக, உருண்டையாக இருக்கும் மவுத்பீஸை மனதில் வைத்துச் செய்தவை. இன்றைய குறுகிய அறை மவுத்பீஸை மாட்டினால் மேல்ஸ்தாயி ஏறும், கீழ்ஸ்தாயி இறங்கும், 'பழசு என்றால் சுருதி நிற்காது' என்று பழி கருவியின் மேல் விழும். பெரிய அறை மவுத்பீஸ்கள் இன்றும் புதிதாகவே கிடைக்கின்றன. பெட்டியில் பழைய மவுத்பீஸ் இருந்தால், பல்தடம் பட்டிருந்தாலும், அதைத் தூக்கிப் போடாமல் முதலில் அதிலேயே வாசித்துப் பாருங்கள்.

தாத்தாவின் கருவி வீட்டில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் பொருந்தாது. அங்கே ஒப்பீடு வேறு இரண்டு கருவிக்கு நடுவில் இல்லை, வாசிக்கவா வைத்திருக்கவா என்பதில். குடும்பத்தில் யாராவது உண்மையாகவே வாசிக்கப்போகிறார் என்றால் விற்கும் விலையைப் பற்றி யோசிக்காமல் நல்ல பட்டறையில் கொடுங்கள். அது பேர் தெரியாத செக்கோஸ்லோவாகியா கருவியாக இருந்தாலும் சரி, செலவு கருவியின் சந்தை விலையைத் தாண்டினாலும் சரி. வாசிக்க ஆளில்லை என்றால் ஓவர்ஹால் வேண்டாம். பேட்கள் வாசிக்காமலே பழசாகும், பத்து வருடம் கழித்து மறுபடி அதே செலவு. சாவிகளைக் கழற்றி, கழுவி, உலர்த்தி, துருவேறிய ஸ்பிரிங்குகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி பூட்டி, வரிசை எண்ணையும் வாசித்தவர் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் போதும். பெட்டியின் பழைய வெல்வெட்டில் பூஞ்சை இருந்தால் கருவியை அதில் வைக்காதீர்கள், வேறு பெட்டி வாங்குங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு, கோடை மழைக்காலத்தில் மட்டும் மாற்றிக்கொண்டிருங்கள்.